அலைகடலில் அயலார் யார்?

வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். ‘ரொட்ரிகோ’ என்றதும் மூலையிலிருந்து ஒரு சிரிப்பொலி. “இது நம்ம ஊர்ப் பெயரா, சார்?” என்றான் ஒருவன். பெயருக்குரிய சிறுவன் தலைகவிழ்ந்தான். அவன் பூட்டன் முத்துக்குளித்தவன். தந்தை வலை வீசுபவன். தாய் தாலாட்டியது தமிழில்! ஆயினும் அவன் அயலானாம்!

அன்று மாலை இரண்டு கதைகளை மீண்டும் எடுத்தேன். ஒன்று, புதுமைப்பித்தன் 1935-இல் எழுதிய ‘துன்பக்கேணி’ என்னும் நெடிய சிறுகதை. மற்றொன்று, வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ என்னும் சிறிய நாவல், 1977-இல் வந்தது. ஊர் யாருக்குச் சொந்தம் என்னும் வினாவை இரண்டும் எழுப்புகின்றன.

‘கடல்புரத்தில்’ காட்டும் குரூஸ் மிக்கேலைப் பாருங்கள். பெயரோ மேனாட்டுச் சாயல். வாழ்வோ வல்லமும் வலையும்! வல்லத்தை விற்றுவிட்டுத் தன்னுடன் வந்துவிடுமாறு படித்த மகன் செபஸ்தி வற்புறுத்துகிறான். தந்தையின் நெஞ்சோ மறுக்கிறது. கடலைவிட்டால் தான் யார் என்பதே அவனுக்குத் தெரியாது. அவனைக் கரையிலிருந்து பெயர்க்கும் ஆற்றல் பெயருக்கும் இல்லை, மதத்திற்கும் இல்லை. லாஞ்சுகளோடு வந்த புதிய முதலுக்கே இருக்கிறது.

‘துன்பக்கேணி’யின் மருதியோ நேர்மாறானவள். பெயர் தமிழ், பிறப்பு தமிழ் மண். ஆனால், தாழ்த்தப்பட்ட குலம்! ஊர் அவளைச் சேரியில் நிறுத்தியது. வறுமை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குத் துரத்தியது. அங்கே வெள்ளைத் துரையின் காமம் அவளைச் சிதைத்தது. பெற்ற மண்ணும் தனதில்லை, உழைத்த மண்ணும் தனதில்லை!

இரண்டையும் அருகருகே வைத்தால் உண்மை விளங்கும். அயற்பெயர் தாங்கியவன் கரையோடு ஒன்றிவிட்டான். தமிழ்ப்பெயர் தாங்கியவளைத் தமிழ் ஊரே தள்ளிவிட்டது. அப்படியானால் உரிமையை அளக்கும் கோல் பெயராகுமா?

வரலாறும் இதையே சொல்லும். 1530-களில் பரதவர் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கராயினர். பெயர் மாறிற்று, பேச்சு மாறவில்லை. புன்னைக்காயலில் பணிபுரிந்த அன்றிக்கு அடிகளார் இம்மக்களை எண்ணியே ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழாக்கினார். 1578-இல் அது கொல்லத்தில் அச்சேறிற்று. இந்திய மண்ணில் தமிழ் எழுத்து நூலாக அச்சேறியது அதுவே முதன்முறை. அந்த ஏட்டுக்குரிய மக்களையா அயலார் என்பது?

குறையையும் கூறத்தான் வேண்டும். காதலித்தவன் கைவிட்டபோதும் பிலோமி அவனை வெறுக்கவில்லை. வண்ணநிலவன் அதனை அன்பின் உயர்வாக வரைகிறார். அழகுதான்! ஆனால், அந்த ஈரத்தில் நியாயத்தின் கூர்மை மழுங்குகிறது. மன்னிக்கும் கடமை என்றும் பெண்ணுக்குத்தானா? புதுமைப்பித்தனோ புண்ணைத் திறந்து காட்டுகிறார். அவர் கசப்பு நம்மைச் சுடுகிறது. மருதியை எழுந்து நிற்கச் செய்ய அக்கசப்பு போதவில்லை.

ஆயினும், அடுத்தவர் வாழ்வுக்குள் நம்மை நடத்திச் செல்லும் பணியை இருவரும் செய்தனர். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. அதுவரை பரதவரும் காயல், கீழக்கரை முஸ்லிம்களும் ஒரே கடலில் மூச்சடக்கி மூழ்கினர். கயிற்றைப் பிடித்தவனை நம்பியே ஒவ்வொருவனும் ஆழத்தில் இறங்கினான். அந்த நம்பிக்கையைச் சிறுகதையாக்க எழுதுகோல் ஏந்தும் இளைஞர் முன்வரட்டும்!

மறுநாள் அதே பதிவேட்டை எடுத்தேன். ‘ரொட்ரிகோ’ என்ற பெயர் எப்படி வந்தது என்பதையே அன்றைய பாடமாக்கினேன். சிறுவன் தலை நிமிர்ந்திருந்தான். சிரித்தவன் கேட்டான்: “என் பெயருக்கும் இப்படிக் கதை இருக்குமா, சார்?”