உரை இல்லாத மாத்திரை

போன பருவத் தேர்வு நேரம். மயிலாப்பூரில் ஆசிரியர் அறைக்கு வந்த மாணவி ஒருத்தி இருபத்தொரு மாத்திரைகள் கொண்ட அட்டையை என்னிடம் நீட்டினாள். “மேடம், இது குழந்தை உண்டாகாம இருக்கப் போடுறதுதானே? எனக்கு எதுக்கு?” பெட்டியை அம்மா மருந்துக்கடை வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டாராம். ஸ்கேன் பார்த்த டாக்டர் ‘நீர்க்கட்டி’ என்றிருக்கிறார். கூடவே, “கல்யாணமானா சரியாயிடும்.”

தமிழ் படித்தவள் நான், சொல்லில்தான் தொடங்குவேன். ‘கருப்பை நீர்க்கட்டி’ என்று எங்கும் எழுதுகிறார்கள். அது இருப்பது கருப்பையில் அல்ல, சினைப்பையில். கட்டியும் அல்ல, வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள். 1935இல் சிகாகோவில் ஸ்டைனும் லெவந்தாலும் இதை விவரித்தபோதே கட்டி என்ற பேச்சு வந்துவிட்டது. தமிழுக்கு வரும்போது இடமும் பிசகிவிட்டது. கட்டி என்றதும் வீட்டார் புற்றுநோய்க்குப் பயப்படுகிறார்கள், கருப்பை என்றதும் பேரக்குழந்தையை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். இன்சுலினோ, பின்னாளில் வரக்கூடிய சர்க்கரை நோயோ பேச்சிலேயே வருவதில்லை.

2010இல் நானும் தி.நகரில் ஒரு சீட்டோடு நின்றிருக்கிறேன். மாதவிலக்கின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் லெட்ரோசோல். பேருந்தில் உட்கார்ந்து உள்ளே இருந்த தாளைப் பிரித்தால், மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கு என்று ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அடையாறு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மருந்து ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும். குறைந்ததை உணர்ந்த மூளை, முட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு அதைக் கருத்தரிப்புக்குத் தரக் கூடாது என்று தடை விதித்தது. போதிய சோதனையில்லாமல் அதற்கென விற்றார்கள் என்ற கோபம் நியாயமானதே. 2014இல் அமெரிக்காவில் இந்தச் சிக்கலுள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது: பழைய குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்திருந்தது. 2017இல் தடை நீங்கியது. இன்று இவர்களுக்கு முட்டை வெளிப்பட முதலில் தருவது அதைத்தான். தடை வந்தபோதும் போனபோதும், விழுங்கிய எனக்கு ஒரு வரித் தகவல் இல்லை. குழந்தை பிறந்ததா என்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள். (நீங்களும் கேட்கலாம். சொல்வதாக இல்லை.)

திருமணத்துக்கு முன் உதிரம் வரவழைக்க ஒரு மாத்திரை, பின் முட்டை வரவழைக்க இன்னொன்று. இரண்டும் பயனுள்ள மருந்துகளே. ஆனால் சீட்டு எப்போது மாற வேண்டும் என்பதைக் கல்யாணப் பத்திரிகை முடிவு செய்கிறது. கணவனின் விந்துப் பரிசோதனைக்கு, சீட்டு இரண்டு முறை மாறிய பிறகுதான் பல வீடுகளில் நேரம் வருகிறது.

மாணவியிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாதக்கணக்கில் உதிரம் வராமலிருந்தால் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், அதைத் தடுக்கத்தான் இது. நிறுத்திய பிறகு குழந்தை உண்டாவதற்கு இது தடையாகாது. மீதியை டாக்டரிடமே கேள், எழுதிக்கொண்டு போ என்றேன். அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். எத்தனை மாதம் போட வேண்டும், சர்க்கரைக்கு ரத்தம் பார்க்க வேண்டுமா என்று எழுதினாள். மூன்றாவது டாக்டருக்கான கேள்வி அல்ல: அம்மா ஏன் பெட்டியைக் கிழித்தாங்க?