கணக்கு வாத்தியார் அல்ல விஜய் ஐயர்

ஜாஸ் பியானோக் கலைஞர் விஜய் ஐயரைப் பற்றித் தமிழில் யாராவது பேச்செடுத்தால் இரண்டாவது வாக்கியத்தில் ஹார்வர்டு வந்துவிடுகிறது, மூன்றாவதில் மிருதங்கம். அமெரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, கணிதமும் இயற்பியலும் படித்தவர், நம்முடைய தாளக் கணக்கைக் கொண்டுபோய் ஜாஸுக்குள் வைத்து உலகத்தை வாய்பிளக்க வைத்தவர். இந்தச் சித்திரம் இப்போது நல்ல விலைக்குப் போகிறது. பட்டம், பிறப்பு இரண்டும் சரி. மற்றது பெருமையடித்துக்கொள்ள நாமே செய்துகொண்ட ஜோடனை. அவருடைய ஆல்பம் ஒன்றையாவது முழுதாகக் கேட்டவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர் எழுதியதைப் படித்தவர்கள் கூச்சப்படவும் செய்வார்கள்.

இதன் மறுபாதியாக இன்னொரு நம்பிக்கையும் உலவுகிறது: தமிழில் ஜாஸ் என்றால் அது திரையிசைதான். இரண்டும் ஒரே சோம்பலில் பிறந்தவை என்பதால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆரம்பக் காலத்தை வேகமாகவே கடந்துவிடலாம். 1930களில் பம்பாய் தாஜ் ஓட்டலில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்தார்கள். அவர்களில் ஒருவரான பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு 1945இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். அவர்களிடமிருந்து கோவாக்காரர்கள் கற்றார்கள், கோவாக்காரர்களிடமிருந்து இந்திப் படம் கற்றது. 1958இல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு சென்னைக்கு வந்தபோது, அதன் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்தார். பழனி எங்கள் திண்டுக்கல் மாவட்டம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு லயக்காரர்கள், யாரும் எழுதிக்கொடுக்காமல், ஒருவர் கையை ஒருவர் கவனித்து வாசித்த தருணம் அது. தமிழகத்தில் ஜாஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஓட்டல் பேண்டுகளில் தொடங்குவதைவிட அங்கே தொடங்கினால் நல்லது. 1963இல் அமெரிக்க ஜாஸ் மேதை எலிங்டனும் இந்தியா வந்து போனார். அதன்பின் டார்ஜிலிங்கில் பிறந்த லூயி பேங்க்ஸ் கல்கத்தாவிலும் பம்பாயிலுமாகக் கீபோர்டு வாசித்து, குழுக்கள் நடத்தி, இசைத் தயாரிப்பிலும் இறங்கி இந்திய ஜாஸின் முகமானார். தொலைக்காட்சி பார்த்த தலைமுறைக்கு 1988இன் தேசிய ஒருமைப்பாட்டுப் பாட்டின் இசையில் பங்குள்ளவர் என்றால்தான் தெரியும்.

திரையிசைக்கு வருவோம். விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் ‘புதிய பறவை’யில் (1964) சாக்ஸபோனும் பியானோவும் வரும் இடங்கள் அழகு. ‘இருவர்’ படத்துக்காக (1997) ரஹ்மான் பழைய ஸ்விங் இசையை வேடிக்கையும் மரியாதையுமாகத் திரும்பச் செய்ததும் அழகு. இளையராஜாவின் ஒலிப்பதிவுகளில் கீபோர்டு வாசித்த விஜி மானுவலின் கைவண்ணத்துக்கு நான் அடிமை. அவரைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் வர வேண்டும். ஆனால் இவற்றில் ஜாஸ் ஒரு சாயமாகத்தான் வருகிறது. இரவு விடுதி, நகரத்துப் பெண், குடி, காமம் என்று காட்சி கேட்கும்போது எடுத்துப் பூசுகிற சாயம். நோட்டேஷன் எழுதித் தரப்படுகிறது, கலைஞர் அதைப் பிசகாமல் வாசிக்கிறார். நாளைக்கு அதே பாட்டை வேறு மாதிரி வாசிக்கும் உரிமை அவருக்கு இல்லை. அந்த உரிமை இல்லாத இடத்தில் ஜாஸின் ஒலி இருக்கலாம், ஜாஸ் இருக்காது.

இதை ஏட்டிலிருந்து சொல்லவில்லை. ஹைதர் அலியின் சகோதரி அடக்கமான பெரிய பள்ளிவாசலால் பெயர் பெற்றது திண்டுக்கல்லில் உள்ள எங்கள் பேகம்பூர். இங்கே கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசிக்கும் மெல்லிசைக் குழுக்களின் கீபோர்டுக்காரர்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். பெரும்பாலோர் காதால் கேட்டே கற்றவர்கள். நாகூர் ஹனீபா பாட்டுக்கு ஆர்மோனிய டோன், அடுத்த நொடியில் ராஜா பாட்டுக்கு ஸ்டிரிங்ஸ், அதற்கடுத்து ரஹ்மானுக்குப் புல்லாங்குழல். ஒரே ஆள் பத்து ஆளாக நிற்பார். ஆனால் பி.ஜி.எம். கேசட்டில் இருந்த மாதிரியே வர வேண்டும். ஒரு பிட் மாறினாலும் முன்வரிசையில் முகம் சுளிக்கும், குழுவின் பெயர் கெடும், அடுத்த கச்சேரி கைவிட்டுப் போகும். அதே மனிதர் மாலையில் மைக் டெஸ்டிங் நடக்கும்போது, ஆட்கள் நாற்காலி இழுத்துப் போடும் சத்தத்துக்கு நடுவே, சும்மா விரலை ஓட்டிக்கொண்டிருப்பார். ஒரு ராகத்தில் நுழைந்து, இடையில் எங்கிருந்தோ ஓர் அந்நிய ஸ்வரத்தை இழுத்து வந்து, ரிதம் பேடுக்காரரைப் பார்த்துச் சிரிப்பார். அவர் பதிலுக்கு ஒரு தட்டு தட்டுவார். கச்சேரி தொடங்கியதும் அது நின்றுவிடும். எங்கள் ஊரில் ஜாஸுக்கு மிக அருகில் வரும் விஷயம் அந்தப் பதினைந்து நிமிடம்தான். அதற்குக் கூலி கிடையாது.

விஜய் ஐயரும் பியானோவைக் காதால்தான் கற்றார் என்பதைப் பெருமைக்காரர்கள் சொல்வதில்லை. 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில், தமிழகத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். மூன்று வயதில் வயலின் பிடித்தவர், அதைப் பதினைந்து ஆண்டு முறையாகப் படித்தார். பியானோவுக்கு அப்படி ஆசிரியர் பரம்பரை ஒன்றும் பெரிதாக இல்லை. யேலில் கணிதமும் இயற்பியலும் முடித்து, இயற்பியல் ஆய்வுக்காக பெர்க்லிக்குப் போனார். பக்கத்து ஊர் ஓக்லண்டில் மூத்த கறுப்பினக் கலைஞர்கள் வாசிக்கும் மேடைகளுக்கு இரவுதோறும் போய்வந்ததில் இயற்பியல் கழன்றுகொண்டது. அங்கேதான் இசைக்கலைஞர்கள் ஸ்டீவ் கோல்மனும் ஜார்ஜ் லூயிஸும் அவருக்கு வழி திறந்தார்கள். 1995இல் வந்த முதல் ஆல்பம் ‘மெமரோஃபிலியா’வை வெளியிட்டது ஆசிய அமெரிக்கக் கலைஞர்கள் தாங்களே நடத்திய ஏஷியன் இம்ப்ரோவ் நிறுவனம். மங்க், எலிங்டன், ஆண்ட்ரூ ஹில், செசில் டெய்லர் என்று அவர் தன் முன்னோராகச் சொல்லும் பட்டியல் நீளமானது. தொடக்ககால ஆக்கங்களில் கர்நாடகத் தாளக் கணக்குகளை எடுத்தாண்டதை அவர் மறைத்ததில்லை. ஆனால் தன் இசையின் வீடு எது என்று கேட்டால் கறுப்பின மக்களின் வரலாற்றைத்தான் காட்டுகிறார். நாம் அவர் கையைப் பிடித்து மயிலாப்பூர் பக்கம் இழுக்கிறோம்.

1998இல் பெர்க்லியில் முடித்த முனைவர் பட்ட ஆய்வைப் புரட்டினால் இந்த இழுப்பு எவ்வளவு அபத்தம் என்று தெரியும். மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க இசைகளில் தாளம் எப்படி உணரப்படுகிறது என்பதே பொருள். தாளம் மூளையில் நடக்கும் எண்ணிக்கை என்ற பார்வையை அவர் ஏற்கவில்லை. நடை, மூச்சு, பேச்சு, கையசைவு என்று உடம்பிலிருந்து பிறப்பது தாளம், ஓர் அடி மயிரிழை முன்னாலோ பின்னாலோ விழும்போது அந்த மயிரிழையில்தான் உணர்ச்சி இருக்கிறது என்று வாதிடுகிறார். கணக்கு வாத்தியார் என்று நாம் மாலை போட்ட மனிதர், இசையைக் கணக்காகச் சுருக்காதே என்று ஆய்வேடு எழுதியிருக்கிறார்! 2004இல் வந்த கட்டுரை ஒன்றில் ஜாஸ் விமர்சனத்தின் தேய்ந்துபோன வாசகம் ஒன்றையும் கையிலெடுத்தார். ஒவ்வொரு தனி ஆவர்த்தனமும் ‘ஒரு கதை சொல்கிறது’ என்பார்களே, அது. தொடக்கம், உச்சம், முடிவு என்று போகும் கதை அங்கே இல்லை, உழைக்கும் உடம்பின் தடயங்கள் சிதறிக் கிடக்கின்றன, கதை அவற்றில் இருக்கிறது என்றார். நம் சங்கீத விமர்சகர்கள் ஆலாபனையைப் பற்றி எழுதும் ‘படிப்படியாகக் கட்டியெழுப்பினார்’ பாணி வாக்கியங்களை அதற்குப் பிறகு என்னால் பொறுமையோடு படிக்க முடிந்ததில்லை.

2003 முதல் 2013 வரையான பத்து ஆண்டுதான் என் வழக்கின் மையம். ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹி 2001இல் விமானம் மாற நியூயார்க்கில் இறங்கினார். கைரேகை தர மறுத்ததால் விலங்கிட்டு மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். நான் திருடன் அல்ல என்று சக பயணிகளிடம் சொல்ல விரும்பினேன், எந்த மொழியில் சொல்வது என்று பின்னர் எழுதினார். அந்தக் கேள்வியே தலைப்பாக, கவிஞரும் ராப் கலைஞருமான மைக் லாட்டோடு விஜய் ஐயர் 2003இல் ‘இன் வாட் லாங்வேஜ்?’ என்ற ஆக்கத்தை உருவாக்கினார். விமான நிலையங்களில் நிறுத்தப்படுகிற, அங்கே வேலை பார்க்கிற வெள்ளையரல்லாத மனிதர்களின் குரல்கள் அதில் பேசுகின்றன. செப்டம்பர் 11க்குப் பின் அமெரிக்காவில் மாநிறத் தோலோடு நடமாடிய ஒருவர் செய்யக்கூடிய மிக நேர்மையான காரியம். அடுத்து வந்த ‘ஸ்டில் லைஃப் வித் காமன்டேட்டர்’ 24 மணி நேரச் செய்தி சேனல்களைக் கிண்டலடித்தது. அதில் பிரசங்கம் கொஞ்சம் கூடிப்போனது. மூன்றாவது ‘ஹோல்டிங் இட் டவுன்’ (2013). ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய வெள்ளையரல்லாத வீரர்களின் கனவுகளைக் கேட்டுத் தொகுத்து, அவர்களில் சிலரையே பேசவும் வைத்த ஆல்பம். பியானோக்காரர் என்ற அடையாளத்துக்குள் அடங்காத தயாரிப்பாளர் ஒருவர் இந்த மூன்றிலும் இருக்கிறார். யாரைப் பேச வைப்பது, எப்போது கீபோர்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஒதுங்குவது என்று தெரிந்தவர்.

இதே காலத்தில்தான் ஸ்டீபன் கிரம்ப் (பாஸ்), மார்கஸ் கில்மோர் (டிரம்ஸ்) இருவரோடு அமைந்த மூவர் குழு. ‘ஹிஸ்டாரிசிட்டி’ (2009) ஆல்பத்தில் இரண்டு ஆக்கங்களை மட்டும் அருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று ‘கலாங்’. ஈழத் தமிழரான லண்டன் பாடகி எம்.ஐ.ஏ., மாதங்கி அருள்பிரகாசம், ரோலண்டு எம்சி-505 என்ற சிறு இயந்திரத்தில் தட்டித் தட்டி உருவாக்கிய காலத்துப் பாட்டு. மூவர் குழு அந்த இயந்திரத் தாளத்தை விரலாலும் குச்சியாலும் வாசிக்கிறது. வாசிக்க வாசிக்க உடம்பு இயந்திரத்தை முந்துகிறது, மூச்சு வாங்குகிறது. எங்கள் குழுக்காரர்கள் கீபோர்டில் ‘ஸ்டைல்’ பொத்தானை அமுக்கி இயந்திரத்திடம் தாளத்தை ஒப்படைத்துவிட்டு மேலே மெட்டு வாசிப்பதற்கு நேர் எதிரான திசை இது. இரண்டு புலம்பெயர் தமிழர் ஒரே பாட்டில் சந்திக்கிறார்கள். ஆனாலும் தமிழ்ப் பெருமைக் கட்டுரைகளில் இது இடம்பெறுவதில்லை, இதில் மிருதங்கம் இல்லையே.

மற்றது ‘மிஸ்டிக் புரூ’. ரோனி ஃபாஸ்டர் 1972இல் ஆர்கனில் வாசித்த மெட்டு, பின்னாளில் ஹிப்-ஹாப்காரர்கள் எடுத்தாண்டது. அந்த மெட்டின் ஆட்டத்தைப் பிபனாச்சி எண்களால் நீட்டியதை விஜய் ஐயர் கார்டியன் நாளிதழில் விளக்கி எழுதினார். 3, 5, 8, 13, 21 என்ற வரிசையில் ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. அடுத்தடுத்த இரண்டு எண்களின் விகிதம் ஏறக்குறைய மாறாது. எட்டை ஐந்தும் மூன்றுமாகப் பிரித்தால் வரும் நெளிவு, 21ஐப் பதின்மூன்றும் எட்டுமாகப் பிரித்தாலும் காதுக்கு அதேபோலப் படும். தாளம் நீண்டுவிட்டது, ஆட்டம் மாறவில்லை. இதைப் படித்ததும் கண்டமும் திஸ்ரமும் நம்மவர் நாக்கில் ஊறும். ஊறட்டும், தப்பில்லை. ஆனால் பிபனாச்சி அங்கே ஒரு கருவி. எல்லாம் அந்த ஆர்கன் மெட்டின் இடுப்பசைவைக் காப்பாற்றத்தான். கணக்கு தெரியாதவர்களும் தலையாட்டுகிறார்கள், அது போதும் அவருக்கு.

‘ஆக்சலராண்டோ’ (2012) வந்த ஆண்டில் டவுன்பீட் இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் ஐந்து பிரிவுகளில் முதலிடம், அடுத்த ஆண்டு மக்ஆர்தர் நல்கை, 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர் பதவி. இந்திய இசையோடு வெளிப்படையாகக் கைகோத்த ஆல்பம் வேண்டுமென்றால் ‘தீர்த்தா’ (2011) இருக்கிறது. நம் கிடார்க் கலைஞர் பிரசன்னாவும் தபலாவில் நிதின் மிட்டாவும் உடன் வாசித்தது. நல்ல ஆல்பம்தான். ஆனால் பிரசன்னாவின் கமகங்கள் முன்னே நடக்க, விஜய் ஐயர் மரியாதையாக இரண்டடி பின்னால் வருகிறார். எனக்கு அவர் முன்னே நடக்கும்போதுதான் பிடிக்கிறது. ஈசிஎம் நிறுவனத்துக்குப் போன பிறகு ஒலிப்பதிவில் ஒரு பனிமூட்டம் சேர்ந்துகொண்டது. ‘மியூட்டேஷன்ஸ்’ எனக்கு ஒட்டவே இல்லை. லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரி இருவரோடும் வாசித்த ‘அனீசி’ (2021) அந்த மூட்டத்தைக் கிழித்தது.

ஜாஸின் வீடு கறுப்பின மரபுதான் என்பதைச் சென்னையில் என்னைவிடக் கோபத்தோடு சொல்லிக்கொண்டிருந்தவர் மாதவ் சாரி. கணிதம் படித்து, ஜாஸ் பியானோவுக்கு வந்து, வாசித்தும் கற்பித்தும் எழுதியும் 2015இல் மறைந்தார். கறுப்பின மரபைக் கற்காமல் ‘ஃபியூஷன்’ என்று எதையாவது கலந்து ஜாஸ் என்று விற்பவர்களை அவர் விட்டுவைத்ததில்லை. அதற்கான விலையையும் கொடுத்தார். விஜய் ஐயரை உச்சிமுகரும் அதே ஊர் அவரை எரிச்சல்காரர் என்று ஒதுக்கியது. தூரத்தில் இருக்கும் மேதை செலவு வைப்பதில்லை.

2014இல் யேலில் படித்த ஆசிய அமெரிக்கர் கூட்டத்தில் விஜய் ஐயர் பேசிய உரை ஒன்று உண்டு. அமெரிக்காவில் நாம் வெற்றிபெற்றிருக்கிறோம் என்றால், அந்த நாட்டின் அநீதிகளுக்கு நாம் எவ்வளவு உடந்தை என்று கூட்டத்தாரையும் தன்னையும் சேர்த்துக் கேட்டார். குடியேறியவரின் முன்னேற்றக் கதையைக் கொண்டாட வந்தவர்களிடம் போய் இதைக் கேட்க நெஞ்சுரம் வேண்டும். அவரைச் சாதனைத் தமிழர் வரிசையில் நிறுத்திப் படம்பிடிக்கும் நம் இதழ்கள் இந்த உரையைத் தொடுவதில்லை. தொட்டால் சாதனை என்ற சொல்லே கொஞ்சம் ஆட்டம் காணும். ஐயர் என்ற அந்தப் பின்னொட்டோடு நம்மூரில் அதே கேள்வியை யார் யாரிடம் கேட்பது என்ற சிக்கலும் எழும்.

புதிதாகக் கேட்கிறவர்கள் ‘லவ் இன் எக்ஸைல்’ ஆல்பத்தில் (2023) தொடங்கலாம். அரூஜ் அஃப்தாப் உருதில் பாடுகிறார். ஷாஜாத் இஸ்மாயிலி பாஸ் வாசிக்கிறார். விஜய் ஐயர் பியானோவோடு மின்கீபோர்டும் எலெக்ட்ரானிக்ஸும் வாசிக்கிறார். அவசரமே இல்லாத இசை. பேகம்பூரில் உருது பேசும் ஒரு நண்பர் வீட்டில் போட்டுக் காட்டினேன். அவர் தாயார் இது என்ன இசை என்று கேட்கவில்லை, பாடுகிற பெண் யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்டார்.

சிற்றிதழ் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐயரின் புகைப்படத்தை அட்டையில் போடுவதற்கு முன் பிபனாச்சிக் கட்டுரை, கதை பற்றிய கட்டுரை, யேல் உரை மூன்றையும் தமிழில் கொண்டுவாருங்கள். இசை தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு ஒரு மாத வேலை. திருவிழாக் கமிட்டிக்காரர்களிடம் இன்னொன்று: மைக் டெஸ்டிங்கில் கேட்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள், கீபோர்டுக்காரருக்கு அதற்கும் சம்பளம் கொடுங்கள்.