ஊர் கூடும் களம்

ஒரு நகரம் தன் பொதுக்கலையை எவ்வாறு வளர்த்தெடுக்கிறது என்ற கேள்விக்கு அரங்கம், விளக்கு, விளம்பரம் என்றே பெரும்பாலும் விடை கூறப்படுகிறது. இவ்விடை போதுமானதன்று என்பதைச் சவ்வாது மலையடிவாரத்துக் கண்ணமங்கலத்தைச் சூழ்ந்த வடஆற்காட்டு நிலப்பரப்பு நமக்கு உணர்த்துகிறது.

இந்நிலம் தெருக்கூத்தின் தாயகங்களுள் ஒன்று. கோடை பிறந்ததும் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா தொடங்கும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம். இரவில் விடியும்வரை கூத்து. முடிவில், மண்ணால் வடித்த துரியோதனன் உருவம் கிடக்கும் படுகளமும் தீமிதியும். இதற்கான செலவை ஊரார் வீட்டுக்கு வீடு வரி வைத்துத் திரட்டுகின்றனர். கதை அனைவரும் அறிந்ததே. ஆகவே, காண்போர் கதைக்காக விழித்திருப்பதில்லை. குரலையும் அடவையும் எடைபோடவே விழித்திருக்கின்றனர். தேதி, இடம், பொருட்பொறுப்பு, தேர்ந்த சுவைஞர் ஆகிய நான்கும் அமைந்த இடத்தில் கலை தானே நிலைபெறுகிறது.

இதனுடன் சென்னை சங்கமத்தை ஒப்புநோக்கலாம். 2007இல் தொடங்கிய அவ்விழா கிராமியக் கலைஞர்களைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் அழைத்துவந்தது. சபாக்களின் வாயிலில் நில்லாத மக்களுக்கும் கலையைத் திறந்துவிட்டது. இச்சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும், 2011இல் ஆட்சி மாறியபின் நின்றுபோன அவ்விழா, 2023இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. ஆட்சியின் ஆயுளே விழாவின் ஆயுளாகிவிடும்போது, அதை நகரத்தின் பண்பாடு என்று கூற இயலுமா? சில நிமிடங்களுக்குச் சுருக்கப்பட்ட கூத்து கைத்தட்டலைப் பெறும், சுவைஞரை உருவாக்காது.

எனினும், சிற்றூர் மரபை அப்படியே போற்றுவதும் நேர்மையாகாது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சாதியினர் கோயிலுக்குள் நுழைவது தடுக்கப்பட்டதால் எழுந்த பிணக்கில், 2023இல் திரௌபதியம்மன் கோயிலுக்கே முத்திரையிடப்பட்டது. ஊர்ப்பொது என்ற சொல்லுக்குள் ஊரார் அனைவரும் அடங்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பெண்வேடத்தையும் ஆண்களே புனைந்துவந்த கலை இது. பெருங்கட்டூர் பொ. இராஜகோபால் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் நிறுவிய கட்டைக்கூத்து குருகுலம், சிறுமியருக்கும் பயிற்சி அளித்து அவ்வேலியைத் தாண்டியது. பள்ளிக்கல்வியையும் உடன் வழங்கியது. அக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது. மேடைகளுக்குப் புரவலர் கிடைக்கின்றனர். பள்ளிகளுக்குக் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது.

பிறரைக் குறித்துப் பேசும் நாம் நம் முற்றத்தையும் நோக்க வேண்டும். உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஒரு காலத்தில் சபைகளில் இசையோடு படிக்கப்பட்டு, பொருள் விரிக்கப்பட்ட நூல். இன்று நம் பிள்ளைகளுள் பலர் அதைத் தேர்வுக்குரிய சில பாடல்களாக மட்டுமே அறிவர். நூல் அழியவில்லை, அதைக் கேட்கும் அவையே கலைந்துவிட்டது. நூலைப் பதிப்பித்தால் போதும் என்று நாம் அமைதியடைந்தோம். கேட்கும் செவிகளைப் பழக்க மறந்தோம்.

இவ்விடத்தில் நம் மரபிலுள்ள வக்ஃபு முறை சிந்தனைக்குரியது. மூலப்பொருள் விற்கப்படாமல் நிற்க, அதன் பயன் மட்டும் தலைமுறைதோறும் மக்களுக்குச் சென்றுகொண்டிருப்பதே அதன் நெறி. ஒரு நகரம் தன் கலைகளுக்கு இத்தகைய ஏற்பாட்டைச் செய்துவிட்டால், எந்த ஆட்சியாலும் கலைக்க இயலாத ஒரு தேதி, எவரையும் வெளியே நிறுத்தாத ஒரு களம், மூடப்படாத ஒரு பயிற்சிப்பள்ளி ஆகியவை அதற்கு வாய்க்கும். அரங்கத்தை அதன்பின் கட்டிக்கொள்ளலாம்.