கொழும்பின் கூடையும் யாழ்ப்பாணத்து அடுப்பும்

விலையேற்றத்தை ஒற்றை எண்ணால் உரைப்பது வாழ்க்கைச் செலவுச் சுட்டெண். சம்பளம், படி, ஓய்வூதியம் பற்றிய வாதங்களில் அவ்வெண்ணே சான்றாக எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆதலின் அது எவருடைய வாழ்க்கையை அளக்கின்றது என்னும் வினா புள்ளிவிபரவியலாருக்கு மட்டும் உரியதன்று.

இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 1952ஆம் ஆண்டை அடியாண்டாகக் கொண்டது. 1949-50இல் கொழும்பு நகரத் தொழிலாளர் குடும்பங்களிடையே நடத்தப்பட்ட வரவு செலவு ஆய்வே அதன் அடித்தளம். உணவுக்கு 61.9, உடைக்கு 9.4, வாடகைக்கு 5.7, எரிபொருளுக்கும் வெளிச்சத்துக்கும் 4.3, ஏனையவற்றுக்கு 18.7 என நூற்றுவீத நிறைகள் வகுக்கப்பட்டன. அன்றைய கொழும்புத் தொழிலாளியின் வாழ்வை அவை காட்டியிருக்கலாம். ஆயின் 2007இல் புதிய தொடர் அறிமுகமாகும் வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, அக்கூடையே நாடு முழுவதற்கும் அளவுகோலாக நின்றது.

மாறாத கூடையின் குறையை மேலைநாட்டு அறிஞரும் ஆராய்ந்துள்ளனர். 1996இல் அமெரிக்காவின் பொஸ்கின் ஆணைக்குழு, அந்நாட்டுச் சுட்டெண் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.1 நூற்றுவீதப் புள்ளிகளால் விலையேற்றத்தை மிகைப்படுத்துகின்றது என மதிப்பிட்டது. விலையேறிய பண்டத்தை விடுத்து மலிவானதை மக்கள் நாடுவதைச் சுட்டெண் கணிப்பதில்லை என்பது அது காட்டிய காரணங்களுள் ஒன்று.

பொருள் நிறைந்த சந்தைக்கு இவ்வாதம் பொருந்தும். 1990களில் பொருளாதாரத் தடைக்குட்பட்ட யாழ்ப்பாணத்துக்கு இது பொருந்துமா? மின்சாரம் இல்லை. வீட்டு விளக்குக்கும், தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரத்துக்கும், வீதியில் ஓடிய வாகனத்துக்கும் மண்ணெண்ணெயே வேண்டியிருந்தது, அதுவும் அரிதாயிற்று. ஜாம் போத்தல் சிக்கன விளக்காயிற்று. சவர்க்காரம் இல்லாதவிடத்துப் பனம்பழம் துணி வெளுத்தது. இவையும் மாற்றீடுகளே. ஆயினும் இவை மலிவு நாடிய தெரிவுகள் அல்ல. வேறு வழியின்மையால் ஏற்ற இழப்புகள். பணச் செலவு மட்டும் நோக்குவார்க்கு இங்கே சிக்கனம் தோன்றும். வாழ்வோர்க்கோ தரம் வீழ்ந்தது. சந்தைக்கு வராத பண்டத்துக்கு விலையில்லை. விலையில்லாத துன்பம் எந்தச் சுட்டெண்ணிலும் ஏறுவதில்லை.

2015இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடத் தொடங்கிய தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண், எல்லா மாவட்டங்களையும் தழுவிய 2012/13ஆம் ஆண்டு ஆய்வை அடிப்படையாகக் கொண்டமை பாராட்டத்தக்கது. 2022 செப்டெம்பரில் ஆண்டு விலையேற்றம் கொழும்புச் சுட்டெண்ணின்படி 69.8 நூற்றுவீதம், தேசியச் சுட்டெண்ணின்படி 73.7 நூற்றுவீதம். கொழும்பு வேறு, நாடு வேறு என்பதற்கு இவ்வேறுபாடே போதிய சான்று.

எனினும் தேசிய எண்ணும் ஒரு சராசரியே. மிகுதியாகச் செலவிடுவோரின் கூடை அதில் மிகுதியாக நிறுக்கப்படும். தீவகத்து மீனவனின் கூடையும் வலிகாமத்துக் கூலியாளின் கூடையும் அதில் கரைந்துபோம். எனவே மாகாணந்தோறும், வருமானப் பிரிவுதோறும் தனித்தனிச் சுட்டெண் வேண்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் விலையோடு பண்டம் கிடைத்ததா என்பதும் பதியப்படல் வேண்டும். அவ்விரண்டும் இல்லாதவிடத்து, சுட்டெண் விலையை அளக்கும், வாழ்க்கையை அளவாது.