மறித்தல்

தடுத்தல், தகைத்தல், விலக்குதல் என ஒரே கூட்டமாய் நிற்கும் வினைகளுள் 'மறி' என்பதற்கே முதல் தாம்பூலம் தருவேன். பெரிய புராணத்துத் 'தடுத்தாட்கொண்ட புராணம்' என்ற பெயரைக் காட்டித் 'தடு'வுக்காக வாதாடும் நண்பர் ஒருவர் எனக்குண்டு. அப்பெயரின் கம்பீரம் வாஸ்தவந்தான். ஆயினும் தடுத்த பொருள் நிற்கும், அவ்வளவே. மறித்த பொருள் திரும்பும். கரையேறிய திரை மறிவதும், பாரவண்டி எங்கள் பக்கத்துப் பேச்சில் 'மறிஞ்சு' கிடப்பதும் அந்தத் திருப்பத்தின் சாயல்களே.

1544-இல் வடுகப் படை வந்தபோது சவேரியார் சிலுவையேந்தி எதிரே நிற்க, படை வந்த வழியே மீண்டது என்பது கோட்டாற்று ஐதிகம். அதைச் சொல்லுகையில் 'தடுத்தார்' என்பது எனக்கு உவப்பாயில்லை. முதற் குலோத்துங்கன் இவ்வூரில் நிறுத்திய நிலைப்படை போல ஒன்றிருந்தால் தடுக்கலாம். ஒற்றை ஆள் மறிக்கத்தான் முடியும்.

எல்லாவற்றினும் என் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது கிடை மறித்தல். கும்பப்பூ அறுத்த வயலில், எருவுக்காக, இரவெல்லாம் ஆடுகளை ஓரிடத்தில் அடைத்துக் கிடத்தும் அந்தச் செய்கையில் விரோதம் ஏது? நாலாபுறமும் கலையப் பார்க்கும் மந்தையை உள்ளே திருப்பித் திருப்பி விட்டு, விடிவதற்குள் மண்ணுக்கு உரமாக்கிவிடும் சாதுரியத்தைத் 'தடு' என்ற சொல் எக்காலத்தும் தாங்காது. ஆட்டுக் குட்டிக்கும் மான் கன்றுக்கும் மறி என்றே பெயர் இருப்பதால், மறியை மறித்தல் என்று சொல்லிப் பார்த்து நான் தனியே சிரித்ததும் உண்டு.

மறியை மறையோடு குழப்புவோரும் உளர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் திருப்புன்கூர் நந்தியைக் குறித்து முறையிடுவது, அது தரிசனத்தை மறைப்பதற்காக. அங்கே இகரத்துக்கு இடமில்லை.

இப்போதைய பத்திரிகைகளிலோ எவரும் எதையும் மறிப்பதில்லை. 'மறியல் போராட்டத்தில் ஈடுபடுகிறார்கள்'. உயிருள்ள வினையைப் பெயராக்கி, போராட்டம் என வாலொன்றும் ஒட்டி, அது நகர்வதற்கு வேறொரு வினையை இரவல் வாங்கும் இந்தப் பிரயோகத்தைச் சாலையில் நிற்கும் ஜனங்கள் பேசுவதில்லை. 'பஸ்ஸை மறிச்சாச்சு' என்பதோடு அவர்கள் முடித்துக்கொள்கிறார்கள். இலங்கைத் தமிழர் விசாரணைக் கைதியை 'விளக்கமறியலில்' வைக்கிறார்கள். அங்கேயாவது இச்சொல், கிடைக்காரர் கொடுத்த பழைய வேலையில், உள்ளே இருப்பதை வெளியே விடாமல் காத்து நிற்கிறது.