பாசறையும் பாட்டாளியும்

பழங்காலத்தை நடித்துக் காட்டுவது கலையாகுமா என்று நம்மவர் சிலர் ஏளனத்தோடு வினவுவதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குக் கரையோரச் சிற்றூர்கள் பலவற்றில் சாதாரண மக்கள் 18ஆம் நூற்றாண்டு உடையணிந்து, வெளியிற் கூடாரமடித்து, விறகடுப்பிற் சமைத்து, குண்டில்லாத துப்பாக்கிகளை வெடித்து, குடியேற்றக் கால வாழ்வையும் போரையும் மீள நடிக்கிறார்கள். ‘வாழும் வரலாறு’ என்பது இதற்கு அவர்கள் இட்ட பெயர். ஓய்வுள்ள வெள்ளையரின் பழம்பெருமைக் கூத்து என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. எனினும், ஒரு கலையின் உள்ளடக்கத்தை ஆராயாது அதன்மீது தீர்ப்புக் கூறுவது முற்போக்கு விமரிசனமாகாது.

எந்த மேடையிலும் நாம் முதலிற் கேட்க வேண்டியது, அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதே. வேர்ஜீனியாவிலுள்ள வில்லியம்ஸ்பேர்க் நகரைப் பழைய நிலைக்கு மீட்கும் பணி 1926இல் தொடங்கியது. அதற்கு வாரி வழங்கியவர் எண்ணெய் முதலாளி றொக்பெல்லரின் மகன். 18ஆம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். ஆயினும், பல பத்தாண்டுகளாக அங்கு சென்றோர் கண்டவை ஆளுநர் மாளிகையும் பட்டாடையும் மெழுகுதிரி விருந்துமே. மாளிகையைத் துடைத்த கைகளும் விருந்தைச் சமைத்த கைகளும் காட்சிக்கு வரவில்லை. அடிமைகளின் வாழ்வைக் கறுப்பினத்தவரே நடித்துக் காட்டும் முயற்சி 1979இலேதான் அங்கு தொடங்கிற்று.

1994 ஒக்ரோபர் 10ஆம் நாள் அந்நகரின் தெருவில் ஓர் அடிமை ஏலம் நடித்துக் காட்டப்பட்டது. இதனை முன்னின்று அமைத்த கிறிஸ்ரி கோல்மன் என்னும் கறுப்பினப் பெண்மணி, விற்கப்படும் ஒருத்தியாகத் தாமே மேடையேறினார். தம் முன்னோரின் துயரை உல்லாசப் பயணிகளின் வேடிக்கையாக்குவதா என்று உரிமை இயக்கத்தினர் எதிர்த்தனர். அந்தச் சினம் நியாயமானது. எனினும், எதிர்க்க வந்த தலைவர்களுள் ஒருவர் ஏலத்தைப் பார்த்து முடித்தபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். உண்மை முழுமையாகக் காட்டப்படும்போது நடிப்பு கேளிக்கையின் எல்லையைக் கடந்துவிடுகிறது என்பதற்கு இது சான்று.

சிறிய பாசறைகளின் நிலை வேறு. அங்கு வருவோரிற் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். உடையையும் கூடாரத்தையும் தம் செலவிலே தேடிக்கொள்பவர்கள். செல்வந்தரின் பிடி தளர்ந்த இவ்விடத்தில் உண்மைக்கு இடமுண்டு. அந்த இடம் நிரப்பப்படுகிறதா என்பதே கேள்வி. பல பாசறைகளில் அதிகாரிகள் மிகுந்து, பணியாளர் அருகிவிடுகின்றனர். துப்பாக்கி முழங்குகிறது, சலவைத் தொட்டியைக் காணோம். பிரித்தானியப் படைகளோடு சென்ற பெண்கள் துணி வெளுத்து, நோயாளரைப் பேணி, அதற்கென அரைப்பங்கு உணவு பெற்றனர். அவர்தம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது காற்பங்கு. இவர்கள் இன்றி எந்தப் படை நடந்தது?

மசாச்சுசெற்ஸ் மாநிலத்து லெக்சிங்ரன் ஊரவர் 1775 ஏப்ரல் 19ஆம் நாளின் மோதலை ஆண்டுதோறும் விடியற்பொழுதில் மீள நடிக்கின்றனர். அன்று அந்த ஊர்ப்படையினர் எண்மர் மாண்டனர். காயமுற்றோருள் ஒருவர் பிறின்ஸ் எஸ்ரபுறூக் என்னும் அடிமை. தமக்கில்லாத விடுதலைக்காகக் குண்டடிபட்ட அம்மனிதரைக் களத்தில் நிறுத்திப் பாருங்கள். விடுதலைப் போர் என்ற சொல்லின் பொருளே விரிகிறது. அவரை நீக்கிவிட்டால், எஞ்சுவது வெறும் புகையும் முரசொலியும்.

ஜோசப் மக்கில் என்பவரின் முயற்சி இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. தென் கரோலைனாவைச் சேர்ந்த இவர், அமெரிக்க உள்நாட்டுப் போரிற் பொருத கறுப்பினப் படையணியொன்றின் வீரராக மீள்நடிப்புக்களிற் பங்குகொண்டவர். 2010ஆம் ஆண்டு முதல், அழியாது எஞ்சியுள்ள அடிமைக் குடிசைகளைத் தேடிச் சென்று, அவற்றின் தரையிலே இரவு துயில்கிறார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அவருடன் தங்கி, நெருப்பைச் சுற்றியிருந்து அடிமைமுறை பற்றி உரையாடுகின்றனர். மாளிகைகள் பேணப்பட்டன, குடிசைகள் சிதைய விடப்பட்டன. அக்குடிசைகளைக் காப்பாற்றவே ஒரு மனிதன் அவற்றில் உறங்க வேண்டியிருக்கிறது. இங்கு அரங்க அலங்காரம் எதுவுமில்லை. ஆனால் மாபெரும் அரங்குகள் மறைத்த உண்மை இருக்கிறது.

எனவே சிறு பாசறைகளை நாம் ஆதரிக்க வேண்டும். நீர் சுமப்பதன் பாரத்தையும், இரும்பைக் காய்ச்சி அடிப்பதன் வெம்மையையும், ஒரு முழத் துணிக்கு எத்தனை நாள் நூற்க வேண்டுமென்பதையும் பாடநூலை விட அங்குள்ள ஓர் அடுப்படி மாணவனுக்குத் தெளிவாக உணர்த்தும். உலகைச் சமைத்தது உழைப்பு என்ற உண்மையை அவன் கண்ணாற் காண்கிறான். ஆனால் நம் ஆதரவு நிபந்தனையற்றதாக இருத்தலாகாது. ஆசிரியர் தம் மாணவரை அழைத்துச் செல்லட்டும், சென்று, “இந்தச் சட்டையை வெளுத்தவர் யார்? இந்த நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது?” என்று கேட்கக் கற்பிக்கட்டும். அவ்வினாக்களுக்கு விடை சொல்ல ஆளிருக்கும் பாசறையே மக்களின் பாசறை.