2-0 கவுன்ட்டில் ஒரு சேஞ்ச்அப்

இரண்டு பால் ஆகிவிட்டது, ஸ்ட்ரைக் ஒன்றுகூட இல்லை. கடிவாளம் பேட்டர் கையில். மணிக்கு 97 மைலில் வீசத் தெரிந்த பிட்சர், அந்த நேரம் பார்த்து 86 மைலில் ஒரு சேஞ்ச்அப்பை விடுகிறார். அது கீழே இறங்காமல் இடுப்பு உயரத்திலேயே நின்றுவிட, பந்து லெஃப்ட் ஃபீல்டு வேலிக்கு அப்பால். விடிவதற்குள் மைனர் லீக் ரசிகர் கூட்டம் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறது: ‘பயந்துவிட்டான். தன் ஃபாஸ்ட்பால் மேல் அவனுக்கே நம்பிக்கை இல்லை.’

எனக்கு இந்தத் தீர்ப்பு தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது.

டபுள்-ஏவில் ஆடும் அந்த இடதுகைக்காரரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ராத்திரி தூங்காமல் பாக்ஸ் ஸ்கோர் புரட்டுகிறவர்களுக்குப் பெயர் வேண்டியதில்லை. மைனர் லீக்கில் இருக்கும் 120 அணிகளில் எதைப் பின்தொடர்ந்தாலும் இப்படி ஒருவர் தட்டுப்படுவார்.

சிங்கிள்-ஏவில் இதே பையனை நாம் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். அங்கே அவருக்குத் தேவைப்பட்டது இரண்டே ஆயுதம். ஃபாஸ்ட்பாலை மேலே காட்டுவார், ஸ்லைடரைத் தரையில் புதைப்பார். பத்தொன்பது வயதுப் பேட்டர்கள் குழிக்குள் விழும் பந்தையும் துரத்தித் துரத்திச் சுழற்றினார்கள். ஸ்ட்ரைக்அவுட் குவிந்தது. 20-80 அளவுகோலில் ஃபாஸ்ட்பாலுக்கும் ஸ்லைடருக்கும் தாராளமாக மதிப்பெண் போட்ட ஸ்கவுட்டுகள், சேஞ்ச்அப்புக்கு மட்டும் 40 போட்டுவிட்டுப் போனார்கள். அந்த 40 பற்றி அப்போது யாரும் வாய் திறக்கவில்லை.

டபுள்-ஏ வேறு கடை. இங்கே இருப்பவர்கள் ஸ்லைடரை விட்டுவிடுகிறார்கள். ஸோனுக்கு வெளியே போகும் பந்து போகட்டும் என்று நிற்கும் பேட்டரிடம் 2-0 சுலபமாக வந்துவிடும். வந்தபின் அவர் ஒரே ஒரு பந்துக்காகக் காத்திருப்பார், ஃபாஸ்ட்பாலுக்காக. 97 மைல் பந்து தட்டுக்கு வந்து சேர 0.4 விநாடிதான், ஆனால் என்ன வருகிறது என்று தெரிந்தவனுக்கு அது போதும்.

இப்போது நம் ஆளின் கையைப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் பக்கவாட்டில் ஒரு வளையம் போடுகின்றன. பந்தைத் தாங்குவது நடுவிரலும் மோதிர விரலும். தோள் ஃபாஸ்ட்பாலுக்குச் சுழலும் அதே வேகத்தில் சுழல்கிறது, முழங்கையில் ஒரு தயக்கமும் இல்லை. வலதுகை பேட்டர் முன்காலைப் பதித்து, இடுப்பைத் திறந்து, பாதி சுழற்றிய பிறகுதான் பந்து இன்னும் வந்து சேரவில்லை என்பதே உறைக்கிறது. அதற்குள் அது வெளிப்பக்கமாக நழுவுகிறது. மட்டையின் நுனி தொட்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் உருண்டு போகும் ஒரு பரிதாபப் பந்து. இது சரியாக விழும் நாளில். விழாத நாளில் வேலிக்கு அப்பால். பயந்தவர் செய்யும் வேலையா இது? பயந்தவர் ஸ்லைடரை வெளியே வீசிவிட்டு வாக் கொடுத்துப் போவார்.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2021 முதல் மைனர் லீக்கில் ஒரே எதிரணியோடு செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரை ஆறு ஆட்டம். செவ்வாயன்று வீசியவர் சில வாரங்களில் ஞாயிறும் மேட்டில் ஏறுவார், எதிரே அதே ஒன்பது முகங்கள். செவ்வாய் 2-0வில் சேஞ்ச்அப் பார்த்தவர், அதை அடித்தே இருந்தாலும், ஞாயிறு 2-0வில் ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணத்தில் நடு ஸோனில் வந்த ஃபாஸ்ட்பால் அவரைத் தாண்டிவிடும். செவ்வாயின் ஹோம் ரன்னைத்தான் ஊர் எண்ணுகிறது. ஞாயிறு தாமதமாகச் சுழன்ற மட்டைகளை எண்ண பாக்ஸ் ஸ்கோரில் கட்டம் கிடையாது.

சாதனைகளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டபுள்ஹெடரில் ஏழு இன்னிங்ஸ் நோ-ஹிட்டர் என்றால் நானும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் அன்றைக்கு மூன்றாவது பந்தை, அதாவது சேஞ்ச்அப்பை, எத்தனை முறை வீசினார் என்றுதான் முதலில் தேடுவேன். ஹிட்டே கொடுக்காதவரை ஆறாவது இன்னிங்ஸில் பந்து எண்ணிக்கை பார்த்து இறக்கினால் கூச்சல் போடுவதும் வாடிக்கையாகிவிட்டது. முழங்கை தசைநார் அறுவைக்குப் போனால் ஒரு வருஷத்துக்கு மேல் காணாமல் போவது அந்தப் பையன், கூச்சல் போட்டவர் இல்லை.

மேலே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் கவனியுங்கள். டிரிபிள்-ஏவில் பழகிப்போன தானியங்கி ஸ்ட்ரைக் முறை, 2026ல் மேஜர் லீக்குக்கும் ‘சேலஞ்ச்’ வடிவில் ஏறியிருக்கிறது. பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டினால் போதும், அம்பயரின் தீர்ப்பைக் கேமரா சரிபார்க்கும். கேட்சர் கையுறையைச் சாமர்த்தியமாக இழுத்து, ஓரத்தில் ஒரு விரற்கடை வெளியே போன ஸ்லைடரை ஸ்ட்ரைக் ஆக்கும் திருட்டுக்கு இனி ஆயுள் குறைவு. ஸோனுக்குள்ளேயே வந்து ஏமாற்றும் பந்துக்கு அம்பயர் தயவு தேவையில்லை.

ஆகவே என் ஜோசியம் இது. ஆகஸ்டில் அவரை டிரிபிள்-ஏவுக்கு ஏற்றுவார்கள், அதுவும் பசிபிக் கோஸ்ட் லீக்குக்கு. ஐயாயிரம் அடிக்கு மேல் இருக்கும் ஆல்புகர்க்கியில் காற்று மெலிது. ஸ்லைடர் பாதிதான் கடிக்கும், தூக்கி அடித்த பந்து இறங்கவே இறங்காது. அவருடைய இஆர்ஏ பார்க்கச் சகிக்காது. சிறந்த இளம் வீரர்கள் நூறு பேர் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். சேஞ்ச்அப்பின் நழுவலும் அங்கே கொஞ்சம் மழுங்கும்தான், ஆனால் 97க்கும் 86க்கும் நடுவிலுள்ள பதினொரு மைலை எந்த உயரமும் தின்ன முடியாது. செப்டம்பரில் மேஜர் லீக் அணிப் பட்டியல் 28 ஆக விரியும்போது அவர் மேலே வருவார். வராவிட்டால் நவம்பரில் அணியின் நாற்பது பேர் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் டிசம்பர் ரூல் 5 டிராஃப்டில் யாராவது ஒரு லட்சம் டாலரை நீட்டிக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

எனக்குள்ள ஒரே பயம் அவருடைய சொந்த நிர்வாகம்தான். ‘இரண்டு பந்து போதும், ஒரு இன்னிங்ஸ் மட்டும் வீசு’ என்று புல்பென்னில் உட்கார வைக்கும் ஆசை அவர்களுக்கு வரும். இடதுகையில் 97 மைல் என்றால் யாருக்குத்தான் வராது? அப்படிச் செய்தால் முதல் இரண்டு மாதம் கைதட்டல் கிடைக்கும், சேஞ்ச்அப் துருப்பிடிக்கும், ஜூலைக் கடைசி வாக்கில் டிரேடு கெடு முடிவதற்குள் அவரை யாரோ ஒரு வாடகை பேட்டருக்காக விற்றுவிடுவார்கள். வாங்குகிற அணி முதல் வாரமே அவரை ஸ்டார்ட்டராக இறக்கும். அந்த ஆட்டத்தில் முதல் 2-0 கவுன்ட்டில் என்ன வரும் என்பதற்கு நான் பந்தயம் கட்டத் தயார்.